மலைக்கோயிலுக்கு ஐந்து கிலோ உப்பு

வியாபாரம் பேசப் போன இடத்தில், "வாங்க, கோயிலுக்குப் போயிட்டு வரலாம்" என்று ஒருவர் கூப்பிட்டால் அந்த வியாபாரம் முடிந்துபோயிற்று என்று அர்த்தம். ஐம்பத்திரண்டு வயதுவரை இதை நான் வேதவாக்காக நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை. நானே அப்படி எத்தனையோ பேரின் வியாபாரத்தை முடித்துவைத்திருக்கிறேன்.

தூத்துக்குடிக்கு உப்பு வாங்க வருகிற வெளியூர்க்காரரிடம் முகத்துக்கு நேரே "கட்டுப்படியாகாது" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. பதிலாக அவரைக் காரில் ஏற்றித் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போவோம். நல்ல தரிசனம், வாழை இலையில் சாப்பாடு, கடற்கரையில் நிறுத்தி ஒரு போட்டோ. சாயங்காலம் எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூனை ஒரு பெட்டி கையில் கொடுத்து ரயிலேற்றிவிடுவோம். வண்டி மணியாச்சியைத் தாண்டும்போது அவருக்கே விஷயம் விளங்கிவிடும். கோபித்துக்கொள்ளவும் முடியாது. வாயில் மக்ரூன் இருக்கும்.

ஆகவே, கொரியாவில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கிம்ச்சி எனும் முட்டைக்கோஸ் ஊறுகாய் ஆலை நடத்தும் பாக் என்கிற பெரியவர் என் உப்பை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ பேசி முடித்தபோது, செல்வின் எனக்குச் சொன்ன செய்தியிலேயே என் வியாபாரம் முடிந்துபோயிற்று.

"நாளைக்கு மலையில ஒரு கோயிலுக்குப் போவோம்னு சொல்லுதாரு அண்ணாச்சி. இலையெல்லாம் செவந்து நல்லா இருக்குமாம். உப்பையும் எடுத்துக்கிடணுமாம்."

சாம்பிளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி மக்ரூன் மட்டும்தான் பாக்கி.

செல்வின் நாசரேத்துக்காரன். வாத்தியார் வீட்டுப் பிள்ளை. கொரியாவில் கப்பல் கட்டும் தளத்தில் பதினொரு வருஷமாக எஞ்சினியர். என் மனைவியின் சிநேகிதிக்குத் தம்பி என்ற ஒரே பாவத்துக்காக லீவு போட்டுவிட்டு எனக்கு மொழிபெயர்க்க வந்திருந்தான். தங்கமான பையன். ஒரே ஒரு குறை. பாக் நான்கு நிமிஷம் மூச்சுவிடாமல் பேசுவார். கைகளை விரிப்பார், கண்ணை மூடுவார், பெருமூச்சு விடுவார். எல்லாம் முடிந்ததும் செல்வின் என் பக்கம் திரும்பி, "குளிருமாம்" என்பான்.

நான் ஏன் இப்படிப் பதறினேன் என்று சொல்லிவிடுகிறேன். வேம்பாரில் எனக்கும் என் பெரியப்பா மகன் பொன்ராஜ் அண்ணாச்சிக்கும் கூட்டாக ஓர் உப்பளம் இருக்கிறது. அங்கே மூன்று வருஷமாக ஓர் அம்பாரம், அதாவது மலைபோலக் குவித்த உப்பு, விற்காமல் நிற்கிறது. முதல் வருஷம் விலை விழுந்தது. இரண்டாம் வருஷம் பேசி முடித்தவர் போனை எடுக்கவில்லை. மூன்றாம் வருஷம் எல்லாரும் "பழைய சரக்கா?" என்று மூக்கைச் சுளித்தார்கள். வெறுத்துப்போன அண்ணாச்சி, அளத்தை இறால் பண்ணைக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விடப் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"தை பொறந்ததும் பதில் சொல்லுதேன்னு சொல்லிட்டேன்" என்றார் என்னிடம். "அதுக்குள்ள ஒன் கொரியாக்காரன் வாங்குனா அளம். இல்லைன்னா இறாலு."

இறால் வந்தால் பாத்திகளை வெட்டிக் குளமாக்கிவிடுவார்கள். அதன்பிறகு அங்கே ஒரு நாளும் உப்பு விளையாது. வேலை செய்கிற பதினெட்டுப் பேர் வேறு பிழைப்பு தேட வேண்டும். பத்தொன்பதாவது ஆள் நான். எனக்கு உப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. இறாலைத் தின்னத் தெரியும், அவ்வளவுதான்.

இந்த நிலைமையில், பாக்கின் அறைக்குள் நுழைந்து வணக்கம் சொல்லும் முன்பே, "இந்த வருஷத்துச் சரக்கு, புத்தம் புதுசு" என்று சொல்லியிருந்தேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. உப்பு வியாபாரியின் வாய் அப்படித்தான் தானாகத் திறக்கும். பையில் இருந்த ஐந்து கிலோவும் அந்த மூன்று வருஷத்து அம்பாரத்தில் அள்ளியது.

சனிக்கிழமை காலை பாக் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். மலையடிவாரம்வரை ஒழுங்காகப் போனோம். அங்கிருந்து கார் நகரவில்லை. எனக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டிகள். விபத்தா என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி. எல்லாரும் இலை பாக்க வந்துருக்காவ."

இலை பார்க்க. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. மாசி பிறந்தால் அது கொட்டுகிற இலையை முன்னிட்டு எனக்கும் என் மனைவிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். இங்கே அதே காரியத்தைப் பார்க்க ஒரு தேசமே பிள்ளைகுட்டியோடு கிளம்பி வந்து சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வந்தவர்கள் எல்லாம் இமயமலை ஏறுகிறவர்களைப்போல உடுத்தியிருந்தார்கள். இரண்டு கையிலும் ஊன்றுகோல், தலையில் தொப்பி, கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறச் சட்டை. நான் மட்டும் மருமகன் கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்பு பூட்ஸில் வந்திருந்தேன்.

ஒருவழியாகக் காரை நிறுத்தினோம். அங்கிருந்து கோயிலுக்குச் சிறிய பஸ் போகுமாம். செல்வினும் பாக்கும் காபி வாங்கப் போனார்கள். நான் உப்புப் பையோடு நின்றேன். ஒரு பஸ் வந்தது. தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தில் வளர்ந்த உடம்பு இது. பஸ் வந்து நின்றால் எங்கே போகிறது என்று கேட்காது, ஏறி இடம் பிடித்துவிடும். பிடித்தேன். ஜன்னலோர இடம். பக்கத்து இடத்தில் துண்டுக்குப் பதிலாக உப்புப் பையை வைத்தேன். கதவு மூடியது. காபிக் கோப்பைகளோடு செல்வின் ஓடிவருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நன்றாக ஓடினான்.

அந்த பஸ் கோயிலுக்கு நேரெதிர்த் திசையில், மலையேறுகிறவர்களைக் கொண்டுபோய் இறக்குகிற இடத்துக்குப் போயிற்று. செல்வின் போனில், "எங்கயும் போயிராதீங்க, அங்கனயே இரிங்க, நான் வாரேன்" என்றான். பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னான். நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் ரத்தச் சிவப்பில் இலைகள். ஒன்று வந்து என் மடியில் விழுந்தது. இறால் நிறம்.

பக்கத்தில் நான்கு அம்மாமார்கள் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, ஒருத்தி முழு வெள்ளரிக்காய் ஒன்றைத் தோலோடு என் கையில் திணித்தாள். இன்னொருத்தி அவித்த முட்டை தந்தாள். கடித்தேன். சப்பென்று இருந்தது. உப்பளத்துக்காரன் உப்பில்லாமல் வெள்ளரிக்காய் தின்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? பையைத் திறந்து ஒரு கல்லை எடுத்துப் பொடித்துத் தூவிக்கொண்டேன். அம்மாமார்கள் கை நீட்டினார்கள். அள்ளிக் கொடுத்தேன். எப்படியும் வியாபாரம் இல்லை, வெள்ளரிக்காய்க்காவது ஆகட்டும் என்ற தாராளம். ஒருத்தி நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டி, மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். நால்வரும் தலையாட்டினார்கள். மூத்தவள் ஒரு காகிதத்தை விரித்து, இன்னும் கொஞ்சம் என்று ஜாடை காட்டி வாங்கி மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள். கோயில் திருநீற்றை மடிப்பதுபோல மடித்தாள்.

செல்வின் வந்து என்னை மீட்டுக்கொண்டு போனபோது பாக் கோபிக்கவில்லை. என் கையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். திறந்தால் வரிசையாக உருண்டை உருண்டையாகக் கேக்குகள். அக்ரூட் பருப்பு வைத்துச் செய்ததாம்.

"செல்வின், இது மக்ரூன்லே" என்றேன்.

"மக்ரூன் இல்ல அண்ணாச்சி, இதுல வேற மாவு."

அவனுக்கு எங்கே புரியப்போகிறது. வாத்தியார் வீட்டுப் பிள்ளை.

கோயிலில் சிலை இருந்தது, மணி இருந்தது, சுற்றிலும் மஞ்சளும் சிவப்புமாக மலை தீப்பிடித்ததுபோல நின்றது. அழகில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் முற்றத்தில் நின்ற பெரிய மஞ்சள் மரத்தின் பழங்கள் உதிர்ந்து நசுங்கி ஒரு நாற்றம் நாறின பாருங்கள், தருவைகுளத்தில் கருவாடு காய்கிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால்கூட அந்த அளவுக்கு மூக்கைப் பொத்த வேண்டியதில்லை. அந்த மரத்தடியில் நின்றுதான் எல்லாரும் கல்யாண போட்டோ எடுக்கிறார்கள்.

சமையல்கட்டின் பொறுப்பில் ஒரு பிக்குணி இருந்தார். எழுபது வயது இருக்கும். மொட்டைத் தலை, சாம்பல் அங்கி, முழங்கைவரை சிவப்பு ரப்பர் கையுறை. என்னைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் எனக்கும் பாக்குக்கும் செல்வினுக்கும் ஏப்ரன் வந்தது. குளிர்காலத்துக்கு கிம்ச்சி போடும் பருவமாம். எதிரில் நீள முட்டைக்கோஸ்கள் ஒரு லாரி அளவுக்குக் குவிந்து கிடந்தன. கழுவ வேண்டும்.

திருச்செந்தூருக்குக் கூட்டிப்போன எவரையும் நாங்கள் காய்கறி கழுவ வைத்ததில்லை. இதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். பனிக்கட்டியாக இருந்த தண்ணீரில் விரல்கள் விறைத்துப்போக இரண்டு மணி நேரம் கழுவினேன். பக்கத்தில் செல்வின் மெதுவாகச் சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டு ஒன்றை முனகிக்கொண்டு கழுவினான். பிக்குணி நாங்கள் கழுவியதைப் பிளந்து, வேறு ஏதோ உப்பைத் தூவி அடுக்கினார். ஒரே ஒரு தொட்டிக்கு மட்டும் என் பையைக் கவிழ்த்தார்.

"சாம்பிளையும் ஓசியில செலவழிக்காங்களே" என்றேன்.

"புலம்பாதீங்க அண்ணாச்சி. நல்ல காத்து, நல்ல மலை. அனுபவிங்க."

அன்றிரவு கோயிலிலேயே தங்கினோம். சாப்பாட்டில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, பேச்சும் இல்லை. முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு மஞ்சள் முள்ளங்கியும் வெந்நீரும் தந்தார்கள். அந்தத் துண்டால் கிண்ணத்தைத் துடைத்துக் கழுவி, கழுவிய தண்ணீரைக் குடித்துவிட வேண்டுமாம். குடித்தேன். நான் இதுவரை கூட்டிப்போன வியாபாரிகள் அனைவரின் முகமும் அந்தக் கிண்ணத்தில் தெரிந்தது.

ஞாயிறு விடியும் முன்பே மரக்கட்டையைத் தட்டி எழுப்பினார்கள். நூற்றெட்டு முறை தரையில் விழுந்து கும்பிட வேண்டும். பாக் எனக்குப் பதினைந்து வயது மூத்தவர், ரப்பர்போல எழுந்து எழுந்து விழுந்தார். நான் நாற்பதாவதில் விழுந்தவன் எழவில்லை. பக்தி என்று நினைத்து யாரும் தொந்தரவு செய்யவில்லை.

பத்து மணிக்குப் பிக்குணி எங்களைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டார். ராத்திரி முழுதும் என் உப்பில் கிடந்த முட்டைக்கோஸ் துவண்டிருந்தது. ஓர் இலையைக் கிழித்துத் தின்றார். கண்ணை மூடினார். பாக்குக்கு ஒன்று கொடுத்தார். அவரும் கண்ணை மூடினார். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள்.

"இனிக்குதாம்" என்றான் செல்வின்.

உப்பு இனிக்கிறதென்றால் அது முடிந்துபோன உப்பு என்றுதான் எனக்குப் பட்டது. பிக்குணி என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். இரண்டு நாளில் அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான்.

"எத்தனை வருஷத்து உப்புன்னு கேக்காங்க."

கண்டுபிடித்துவிட்டார்கள். பழைய சரக்கு என்று நாக்கிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். "இந்த வருஷம்தான்" என்றேன். "புத்தம் புதுசு. சத்தியமா."

செல்வின் சொன்னான். பிக்குணியின் முகம் இறுகியது. கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பாக் தரையைப் பார்த்தார். அவர்கள் பேசியதை இந்த முறை செல்வின் சுருக்காமல் சொன்னான்.

"புது உப்புன்னா கசக்கும்னு சொல்லுதாங்க அண்ணாச்சி. மூணு வருஷம் வச்சு, கசப்புத் தண்ணியெல்லாம் இறங்குன உப்புதான் இப்படி இருக்குமாம். அதைத்தான் தேடித்தேடி வாங்குவாங்களாம். புது உப்பு இப்படி இனிக்குதுன்னா நீங்க எதையோ கலந்திருக்கீங்கங்காங்க. கலப்படக்காரங்கிட்ட வாங்க வேண்டாம்னு தம்பிகிட்ட சொல்லுதாங்க."

மழை பட்டால் உப்பிலுள்ள கசப்பு வடிந்துவிடும் என்பது எங்கள் அளத்தில் மண்வெட்டி பிடிக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு, நல்ல சரக்கைக் கெட்ட சரக்கு என்று நினைத்து ஒளித்து, அதைக் கலப்படச் சரக்காக்கிய முதல் உப்பு வியாபாரி நானாகத்தான் இருக்க வேண்டும்.

"செல்வின், பொய் சொல்லிட்டேன்னு சொல்லுலே. மூணு வருஷத்துச் சரக்குதான்."

"இப்ப போய் மாத்திச் சொன்னா எவன் அண்ணாச்சி நம்புவான்?"

அவன் கேட்டது சரிதான். போனை எடுத்து, வீடியோவில் பொன்ராஜ் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். ஊரில் காலை ஆறரை. மழைக்காலத்தில் அவர் அந்த நேரத்தில் அளத்தில்தான் நிற்பார். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு திரையில் வந்தார். பின்னால் பாத்திகளெல்லாம் மழைத் தண்ணீர் தளும்பிக் கிடந்தது.

"என்னலே மணி, வாங்கிட்டானா?"

"அண்ணாச்சி, நம்ம அம்பாரத்தைக் காட்டும். எத்தனை வருஷத்து உப்புன்னு இவங்களுக்குச் சொல்லும்."

திரையில் மொட்டைத் தலைப் பிக்குணியையும் பாக்கையும் கண்டதும் அண்ணாச்சி நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். "புது உப்பு. நேத்துதான் வாருனது" என்றார் சத்தமாக.

செல்வின் அதையும் மொழிபெயர்த்தான்.

"அதை ஏம்லே சொன்ன?"

"அவரு சொன்னாரே."

"அண்ணாச்சி, உண்மையைச் சொல்லும், பழசுதான் வேணுமாம்."

"ஏலே, பழசுன்னு ஒரு வார்த்தை வாயில வந்துராம. ஆழம் பாக்கான்லே அவன்." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். மலை முழுக்கக் கேட்டது. சொல்லிக்கொண்டே அம்பாரத்தின் பழைய பக்கத்தை உடம்பால் மறைத்து, புது ஓலை வேய்ந்த மூலையை மட்டும் காட்டினார்.

"ஒதுங்கும் அண்ணாச்சி. ஒம்ம கால்ல விழுதேன், ஒதுங்கும்."

அவர் ஒதுங்கவில்லை. குடை வைத்திருந்தால் விரித்து மறைத்திருப்பார். ஆனால் தலையிலிருந்த பை காற்றில் பறந்துபோக, அதைப் பிடிக்க நான்கு எட்டு ஓடினார். போன் கையில் ஆட, அம்பாரம் முழுசாகத் தெரிந்தது. ஒவ்வோர் ஐப்பசிக்கு முன்னாலும் பழைய ஓலையை எடுக்காமல் அதன்மேல் புது ஓலை போடுவது எங்கள் அளத்து வழக்கம். அடியில் கறுத்து மக்கிய ஓலை, நடுவில் சாம்பல் பூத்தது, மேலே காய்ந்த மஞ்சள். வெட்டிவைத்த கேக்போல மூன்று வரிசை.

பிக்குணி போனை என் கையிலிருந்து வாங்கி மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்தார். ஆணியிலிருந்த கையுறையை எடுத்து, அதன் விரலால் திரையில் தொட்டு எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு வாசலுக்கு வெளியே உதிர்ந்து கிடந்த இலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பாக்கிடம் இரண்டே வார்த்தை சொன்னார்.

"என்னலே சொன்னாங்க?"

"வாங்கிக்கோன்னு சொல்லிட்டாங்க." செல்வின் என் முட்டியைப் பார்த்தான். "சாமி முன்னால சத்தியம் பண்ணி பொய் சொன்னதுக்கு, காலையில விட்ட அறுபத்தெட்டையும் இப்ப கும்பிட்டு முடிக்கணுமாம்."

முடித்தேன். பாக் பக்கத்தில் நின்று எண்ணினார்.

திரும்பும்போது காரில் முட்டியைத் தடவிக்கொண்டே, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பாக்கைக் காட்டிச் செல்வினிடம் கேட்டேன். "இவரைத் தம்பின்னு சொன்னாங்களே, கோயில்ல அப்படித்தான் கூப்பிடுவாங்களா?"

"கூடப்பொறந்த அக்கா அண்ணாச்சி. அவங்க நாக்குல வச்சுப் பாக்காம இவரு எந்த உப்பும் வாங்க மாட்டாரு. உப்பு கொண்டுவார எல்லாரையும் மலைக்குக் கூட்டிட்டு வந்துருவாராம். ஆகாதுன்னா ஆபீஸ்லயே சொல்லிருவாராம், அதுக்கு எதுக்கு இம்புட்டு தூரம் எண்ணெயை எரிச்சுக்கிட்டு."

"இதெல்லாம் எப்பலே சொன்னாரு?"

"வெள்ளிக்கிழமையே சொன்னாரே. நான் சுருக்கமா சொன்னேன்."

பெட்டியைத் திறந்து அந்த உருண்டைக் கேக்கில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். நன்றாகவே இருந்தது.

மார்கழி கடைசியில் அந்த அம்பாரத்தின் பாதி தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. மீதிப் பாதி, இன்னும் ஒரு வருஷம் கிடக்கட்டும் என்று பிக்குணி சொல்லியனுப்பியதால், ஓலைக்கு அடியில் கிடக்கிறது. தை பிறந்ததும் இறால் பண்ணைக்காரர் பதில் கேட்டு வேம்பாருக்கு வந்தார். பொன்ராஜ் அண்ணாச்சி அவரைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனார்.